ஓடும் உயரம்: சில குறிப்புகள்

ரசமட்டத்தை முதலில் வைத்தது கார்பரேட்டர் உட்காரும் தட்டில். சக்கரத்தில் இல்லை. சேசிலும் இல்லை.

அமெரிக்க வி-8 எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்டின் மேல்தட்டை ஏறக்குறைய 3 டிகிரி சாய்வாகக் கடைந்திருப்பார்கள். எஞ்சினின் பின்பக்கம் 3 டிகிரி இறங்கி உட்கார்ந்தால் தட்டு சமமாகிவிடும். கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலும் சமமாக நிற்கும்.

எஞ்சின் எந்தச் சாய்வில் இருக்கவேண்டும் என்பது அந்த வார்ப்பிலேயே இருக்கிறது. சாதாரண உயரத்தில் ஓடும் காருக்கு.

இது சாதாரண உயரக் கார் இல்லை.

இடம் சான் ஹோசே, கலிஃபோர்னியா. நண்பரின் பட்டறை. வண்டி 1950 மெர்குரி, கூரையை அறுத்துக் குறைத்தது. எஞ்சின் செவ்ரோலே 350. கியர் பாக்ஸ் 700ஆர்4. பின் ஆக்சில் ஃபோர்டு 9 அங்குலம். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் காற்றுப்பை.

காற்றை இறக்கிவிட்டால் அடிவயிறு தரையில் படும். ஒரு தபால் கவர் நுழைந்தால் பெரிது.

காற்றை ஏற்றினால் சேசு தரையிலிருந்து 5 அங்குலம். அதுதான் ஓடும் உயரம்.

எல்லாரும் படம் எடுப்பது படுத்திருக்கும்போதுதான்.

*

அம்பாசடர் அடியில் ஒருமுறையாவது குனிந்து பார்த்தவர்களுக்கு அந்த ஷாஃப்ட் தெரியும். கியர் பாக்ஸில் தொடங்கிப் பின் ஹவுசிங் வரை நீண்ட குழாய். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ். நம் லாரிகளில் இன்றும் அதேதான்.

மாருதி 800 வந்தபின் கார்க்காரர்களுக்கு அது மறந்துபோனது. எஞ்சினும் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால்.

கிராஸ் என்பது கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டு. நான்கு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு கப், கப்புக்குள் ஊசி பேரிங். கையில் வைத்தால் கனம் தெரியும்.

கவை போன்ற இரண்டு யோக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சுழற்சியைக் கோணம் மாற்றிக் கொடுப்பது இதன் வேலை.

ஆனால் வாங்கிய வேகத்தை அப்படியே கொடுக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும்.

கணக்கு: உள்ளே நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைப்போம். கிராஸில் கோணம் 3 டிகிரி. வெளியே 2996க்கும் 3004க்கும் நடுவில் ஊசலாடும்.

10 டிகிரி: 2954 முதல் 3046.

30 டிகிரி: 2598 முதல் 3464.

சராசரி எப்போதும் 3000தான். வேகமானியில் ஒன்றும் தெரியாது. அத்தனையும் ஒரு சுற்றுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

தெரிவது இடுப்புக்கு. பிறகு தரைத்தகட்டுக்கு.

*

ராபர்ட் ஹூக் இந்த மூட்டைப் பற்றி எழுதியது 1676இல். சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றிய நூலில். கார் இல்லை, எஞ்சின் இல்லை.

இந்த மூட்டு முந்திப் பிந்திச் சுழல்வதும், சூரியக் கடிகாரத்தின் நிழல் மணிக் கோடுகளுக்கு நடுவில் ஏற்றத்தாழ்வாக நகர்வதும் ஒரே கணக்கு. இரண்டுக்கும் ஒரே வாய்பாடு.

காலையில் நிழல் ஒரு வேகம், நண்பகலில் ஒரு வேகம். சூரியன் என்னவோ ஒரே சீராகத்தான் போகிறது.

*

பின்னால் இருக்கும் இரண்டாவது கிராஸ் எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. முதல் கிராஸ் கலைத்ததை இரண்டாவது சரிசெய்யும். முன்னது முந்தும் நேரத்தில் பின்னது பிந்தும்.

அதற்கு மூன்று காரியம் கூடிவர வேண்டும்.

கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் அச்சும் பின் ஹவுசிங்குக்குள் நுழையும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். ஒரே கோட்டில் வேண்டியதில்லை. இணையாக.

அப்படி இருந்தால் இரண்டு கிராஸிலும் கோணம் தானாகவே சமமாகிவிடும்.

மூன்றாவது, ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். மேசைமேல் ஷாஃப்டைப் படுக்கவைத்து ஒரு முனையிலிருந்து பார்த்தால் முன் யோக்கின் காதுகள் பின் யோக்கின் காதுகளை மறைக்கவேண்டும்.

சறுக்கு ஸ்பிளைன் உள்ள ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தவறினால் போதும். 16 பல் என்றால் ஒரு பல்லுக்கு இருபத்திரண்டரை டிகிரி. அதனால்தான் இரண்டு பாகத்திலும் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கழற்றுவதற்கு முன் அழுக்கைத் துடைத்துவிட்டு அம்புக்குறியைத் தேடவேண்டும். இல்லையென்றால் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு.

*

கோணமே இல்லாமல் வைத்துவிட்டால்? பூச்சியம். நேர்கோடு. எந்த ஊசலும் இல்லை.

அதுவும் கூடாது.

கோணம் இருந்தால்தான் கப்புக்குள் ஊசிகள் முன்னும் பின்னும் உருளும். உருண்டால்தான் கிரீஸ் பரவும். பூச்சியம் என்றால் ஊசிகள் நின்ற இடத்திலேயே நின்று சுமை தாங்கும்.

பட்டறை மேசையில் ஒரு பழைய கிராஸ் கிடந்தது. கப்பைத் தட்டிக் கழற்றினார் நண்பர். கிராஸின் கையைத் துணியால் துடைத்ததும் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம். சீப்பு பதிந்த மாதிரி. ஊசி ஒவ்வொன்றும் தான் நின்ற இடத்தைக் குறித்துவைத்திருந்தது. விரல் நகத்தால் வருடினால் எண்ணிவிடலாம்.

அந்த ஷாஃப்டை யாரோ மிக நேராக வைத்திருக்கிறார்கள்.

ஆகவே அரை டிகிரி, ஒரு டிகிரியாவது வேண்டும். 3க்குமேல் போகாமல் இருந்தால் நல்லது. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்.

*

கிளாரன்ஸ் ஸ்பைசர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது தானே ஒரு கார் கட்டினார். அப்போது பல கார்களில் பின் சக்கரத்தை ஓட்டியது சங்கிலி. அவருக்குச் சங்கிலி பிடிக்கவில்லை. அதற்குப் பதில் இந்த மூட்டு. 1903இல் காப்புரிமை. அடுத்த வருடம் நியூ ஜெர்சியில் பிளெயின்ஃபீல்டில் தொழிற்சாலை. அந்தக் கம்பெனிதான் பிறகு டானா.

ஸ்பைசரின் அட்டவணை ஒன்று பட்டறைச் சுவரில். ஷாஃப்டின் வேகம் ஒரு பக்கம், கிராஸ் தாங்கும் உச்சக் கோணம் மறுபக்கம். 3000 சுற்றுக்கு 5 டிகிரி 50 நிமிடம். 4500க்கு 3 டிகிரி 40 நிமிடம். 5000க்கு 3 டிகிரி 15 நிமிடம்.

வேகம் கூடக்கூட அனுமதி சுருங்குகிறது.

அது உச்சவரம்பு. அந்த அளவில் வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பலர் அப்படிப் படித்துவிடுகிறார்கள்.

*

700ஆர்4 பற்றி ஒரு விஷயம். 1982இல் வந்த கியர் பாக்ஸ். நான்காவது கியர் 0.70. அதில் எஞ்சினைவிட ஷாஃப்ட்தான் வேகமாகச் சுற்றும்.

மணிக்கு 60 மைல். டயர் குறுக்களவு 26 அங்குலம், பின் பல்விகிதம் 3.50. எஞ்சின் சுமார் 1900 சுற்று. ஷாஃப்ட் சுமார் 2700.

காதில் விழுவது எஞ்சின். நிதானமாக ஓடுவதாகத் தோன்றும். அடியில் ஷாஃப்ட் நிதானமாக இல்லை.

2700ஐ அறுபதால் வகுத்தால் நொடிக்கு 45. சுற்றுக்கு இரண்டு ஊசல், ஆகவே நொடிக்கு 90 அதிர்வு. காதைவிடத் தொடைக்குச் சீக்கிரம் எட்டும்.

முதலில் காட்டிக்கொடுப்பது உள்கண்ணாடி. பின்னால் வரும் வண்டியின் விளக்கு இரண்டாகப் பிரிந்து தெரியும்.

*

தாழ்த்தினால் என்ன மாறுகிறது?

ஆக்சில் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும். டயர் மாறவில்லையே. இறங்குவது சேசு. சேசோடு எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம்.

பழைய அமைப்பில் கியர் பாக்ஸின் வால் உயரத்தில், பினியன் அதற்குக் கீழே. ஷாஃப்ட் பின்னோக்கி இறங்கும். எஞ்சினும் பின்னோக்கி இறங்கும். இரண்டும் ஒரே பக்கம் சரிந்திருப்பதால் நடுவில் கோணம் குறைவு.

இந்த மெர்குரியில் பினியன் மேலே, வால் கீழே. ஷாஃப்ட் பின்னோக்கி ஏறுகிறது.

எஞ்சின் இறங்க, ஷாஃப்ட் ஏற, இரண்டும் கூட்டல்.

முதல் அளவு: எஞ்சின் 3 டிகிரி இறக்கம். ஷாஃப்ட் 1.7 டிகிரி ஏற்றம். கோணம் 4.7.

பினியனின் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி. எஞ்சினுக்கு இணை. ஆகவே பின்னாலும் 4.7. இரண்டும் சமம். ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அட்டவணையிலும் 3000 சுற்றுக்கு அனுமதி உண்டு.

அப்படியே விட்டுவிடலாமே என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

நண்பர் கேட்டது ஒன்றுதான்: மூன்றாவது கியரில் 4500 வரை போனால்?

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியில் பினியனுக்குச் சீரான சுழற்சி போய்ச்சேரும், சரி. நடுவில் அந்த நாலடிக் குழாய் சுற்றுக்கு இரண்டு தடவை முந்திப் பிந்தித்தான் ஓடுகிறது. அதற்கு எடை இருக்கிறது. அந்த எடையைத் தள்ளுவதும் இழுப்பதும் இரு முனையிலும் உதையாக வரும். சமமான பெரிய கோணத்தில் அந்த உதை தீராது. கோணம் சிறிதானால்தான் தீரும்.

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சமம் என்றால் சரி என்று முடித்துவிடுகிறார்கள்.

*

செய்தது: கியர் பாக்ஸின் வாலை ஏறத்தாழ ஓர் அங்குலம் தூக்கியது.

எஞ்சின் மவுன்ட்டிலிருந்து வால் வரை 40 அங்குலம். ஓர் அங்குலம் தூக்கினால் எஞ்சின் சாய்வு 3இலிருந்து ஒன்றரைக்கு வரும்.

அதே ஓர் அங்குலம் ஷாஃப்டின் முன்முனையையும் தூக்குகிறது. ஷாஃப்ட் 48 அங்குலம். அதன் ஏற்றம் 1.7இலிருந்து அரைக்கு வரும்.

ஒன்றரையும் அரையும் இரண்டு.

4.7 இருந்த இடத்தில் 2. ஓர் அங்குலத்தில்.

பினியனையும் 3இலிருந்து ஒன்றரைக்கு இறக்கவேண்டும். பின்னாலும் 2.

இதை முதலில் தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்தார். பிறகுதான் ஜாக்கி.

*

வால் தூக்கினால் டனல் இடிக்கும். தரைத்தகட்டை அறுத்து, வளைத்து, மேலே தூக்கி வெல்டிங். முன்சீட்டின் நடுவில் மேடு கொஞ்சம் பெரிதாகியது.

பின்சீட்டுக்கு அடியில் இன்னும் பெரிய மேடு. படுக்கும்போது ஷாஃப்டின் பின்முனை 5 அங்குலம் ஏறும். அதற்கு இடம் வேண்டும்.

ஆக்சில் ஏறுவதற்காகச் சேசையே அரைவட்டமாக வெட்டி மேலே வளைவு கட்டியிருக்கிறார்கள். அது டிக்கிக்குள் வந்து நிற்கிறது. கார்ப்பெட் போட்டால் தெரியாது.

கார் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு மேடு உள்ளே முளைக்கிறது.

*

மேனிஃபோல்டுத் தட்டு 3 டிகிரிக்குக் கடைந்தது. எஞ்சின் இப்போது ஒன்றரையில். மிச்சம் ஒன்றரை டிகிரிக்குக் கார்பரேட்டர் முன்பக்கம் குனிகிறது.

அதற்கு ஒரு ஆப்புத் தட்டு. முன்னால் தடிமன், பின்னால் மெலிவு.

மறுபடியும் ரசமட்டம். குமிழி நடுவில்.

இந்த மெர்குரி ரகக் கார்களைப் பின்பக்கம் சற்றுத் தாழ்த்தி, மூக்கு நிமிர்ந்தாற்போல ஓட்டுவது இங்கே ஒரு மரபு. அப்படி நிறுத்தினால் காரே சாய்கிறது. கிராஸ் கோணங்கள் மாறாது, எல்லாம் சேர்ந்துதான் சாய்கின்றன. கார்பரேட்டர் கிண்ணத்துக்கு மட்டும் மாறும். ஆப்பின் தடிமன் காரின் அழகையும் கேட்டுத்தான் முடிவாகிறது.

*

பட்டறைத் தரை சமம் இல்லை. தண்ணீர் வடிகாலை நோக்கிச் சரிவு.

கோணமானியைத் தரையோடு ஒப்பிட்டால் குழப்பம். ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தரை எப்படி இருந்தால் என்ன.

எஞ்சினுக்கு அளக்கும் இடம்: முன்னால் கிராங்க் புல்லியின் கடைந்த முகம். பினியனுக்கு: யோக்கின் முகம், கப்பைக் கழற்றிவிட்டு. ஷாஃப்டுக்கு: குழாயின்மேல், பெயிண்டைச் சுரண்டிவிட்டு.

பேலன்ஸ் எடை ஒட்டிய இடத்தில் வைக்கக்கூடாது.

சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. வண்டியின் முழு எடையும் டயரில் இருக்கவேண்டும். டயரில் சரியான காற்று. டேங்கில் பெட்ரோல். காற்றுப்பையில் ஓடும் உயரத்துக்குரிய அழுத்தம்.

நண்பர் ஓட்டுநர் சீட்டில் ஆளையும் உட்காரவைக்கிறார். மகனைக் கூப்பிட்டார். பையன் கைபேசியோடு உட்கார்ந்திருந்தான். அளந்து முடியும்வரை அசையக்கூடாது என்று உத்தரவு.

*

மேலிருந்து பார்க்கும் கோணம்.

ஸ்டீயரிங் பெட்டிக்கு இடம் விட எஞ்சினை வலப்பக்கம் ஒண்ணேகால் அங்குலம் தள்ளி வைத்திருக்கிறார்கள். பினியன் நடுவில். 48 அங்குல ஷாஃப்டில் அது ஒன்றரை டிகிரி.

பக்கவாட்டில் 2, மேலிருந்து ஒன்றரை. இரண்டையும் கூட்டக்கூடாது. 2இன் வர்க்கம் 4, ஒன்றரையின் வர்க்கம் 2.25, கூட்டி மூலம் எடுத்தால் 2.5.

கிராஸுக்குப் பக்கமும் தெரியாது, மேலும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டரைதான்.

முன்னும் பின்னும் இரண்டரை. நல்ல அளவு. மேலிருந்து பார்த்தாலும் எஞ்சினும் பினியனும் இணையாக இருக்கவேண்டும் என்பது இங்கே ரொம்ப முக்கியம். ஆக்சில் ஒரு பக்கம் கால் அங்குலம் முன்னால் இருந்தால்கூடக் கெட்டுவிடும்.

அதற்குத் தூக்குக் குண்டு. சேசின் குறியிலிருந்து நூல் விட்டு, தரையில் சாக்பீஸ் புள்ளி, மூலைக்கு மூலை டேப். இத்தனை டிஜிட்டல் கருவிகளுக்கு நடுவில் ஒரு நூலும் ஒரு குண்டும்.

*

ஃபோர்டு 9 அங்குல ஆக்சில் 1957 மாடலிலிருந்து வந்தது. அதில் பினியன் ஆக்சில் மையத்துக்கு இரண்டேகால் அங்குலம் கீழே. செவ்ரோலேயின் 12 போல்ட் ஆக்சிலில் ஒன்றரைதான்.

அந்த முக்கால் அங்குலம் தாழ்ந்த காருக்குப் பெரிய உதவி. ஆக்சில் ஏறினாலும் பினியன் அவ்வளவு ஏறாது.

பல்லுக்கு அது நல்லதில்லை. சறுக்கி உரசுவது கூடும், எண்ணெய் சூடாகும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்று.

பினியனை மையத்துக்குக் கீழே இறக்கும் ஹைபாய்ட் பல்லைக் கொண்டுவந்தது கிளீசன் நிறுவனம், 1920களின் நடுவில். 1926இல் பேக்கார்ட் எடுத்துக்கொண்டது. ஷாஃப்ட் இறங்கியது, அதனால் தரைத்தகடு இறங்கியது, அதனால் கூரை இறங்கியது.

காரைத் தாழ்த்தும் ஆசை பட்டறைகளில் மட்டும் பிறந்ததில்லை.

*

1948 வரை ஃபோர்டு, மெர்குரி கார்களில் ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் மூடியிருக்கும். குழாய் பின் ஹவுசிங்கோடு போல்ட் போட்டது. கிராஸ் ஒன்றே ஒன்று, முன்னால். தீர்த்துவைக்க இரண்டாவது கிடையாது. அந்தக் கார்களைத் தாழ்த்துகிறவர்கள் அந்த ஒரு கோணத்தை முடிந்தவரை சிறிதாக்கத்தான் வேண்டும்.

1949இல் ஃபோர்டு திறந்த ஷாஃப்டுக்கு மாறியது.

*

1964 இம்பாலா வெளியே நிற்கிறது. ஹைட்ராலிக் வண்டி. இதன் சேசு எக்ஸ் வடிவம், ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். லாரியில் பார்ப்பதேதான்.

முதல் துண்டு கியர் பாக்ஸோடு கிட்டத்தட்ட நேர்கோட்டில். கோணமெல்லாம் பின்துண்டில்.

பின்பக்கத்தை ஆளுயரத்துக்குத் தூக்கும் வண்டிகளில் ஷாஃப்டின் நீளமே போதாது. நீளும் குழாய் வைக்கிறார்கள். மேல்கையை நீட்டிப் பினியனைத் திருப்புகிறார்கள். இல்லையென்றால் யோக்கின் காது யோக்கில் முட்டி உடையும்.

ஆக்சில் ஏறும்போது குறுக்குத்தண்டு அதை ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு சக்கரம் மட்கார்டுக்கு அருகே போகும்.

இந்தக் கார்கள் இத்தனை உயரத்தில் ஓடுவதற்குக் கட்டப்படவில்லை. ஆடுவதற்கு. அது வேறு கலை. அதற்கு வேறு கணக்கு.

*

கலிஃபோர்னியா வாகனச் சட்டம், பிரிவு 24008. 1958 ஜனவரி 1 முதல். சக்கரத்தின் இரும்பு விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது.

அடுத்த வருடமே ரான் அகிரே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் வைத்தார். விமானங்களில் கழித்த பம்புகள். காரின் பெயர் எக்ஸ்-சோனிக். போலீஸ் வந்தால் ஏறும், போனால் இறங்கும்.

சட்டம் ஓர் உயரத்தைச் சொன்னது. பதிலாக இரண்டு உயரம் உள்ள கார் வந்தது.

தாழ்த்திய கார்களுக்கான லோரைடர் பத்திரிகை தொடங்கியது சான் ஹோசேயில்தான், 1977.

2022இல் சான் ஹோசே நகரம் மெதுவாக ஊர்வலம் போவதற்கு இருந்த தடையை நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதுமே அந்தத் தடைகள் போயின. தாழ்ந்த காருக்கு இருந்த தடையும்.

முதியவர்கள் சிலர் அந்தத் தேதியைப் பிறந்தநாள்போலச் சொல்கிறார்கள். எத்தனை வருடம் டிக்கெட் கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் மெக்சிக வழிக் குடும்பங்கள். சட்டம் பார்த்தது காரை மட்டும்தானா என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

*

நான்கு தண்டுகள் ஆக்சிலைப் பிடித்திருக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. பக்கவாட்டில் பார்த்தால் மேல்தண்டும் கீழ்த்தண்டும் ஒரே நீளம், ஒன்றுக்கொன்று இணை.

அதனால் ஆக்சில் ஏறினாலும் இறங்கினாலும் பினியனின் மூக்கு திரும்பாது. ஒன்றரை என்றால் எப்போதும் ஒன்றரை.

படுத்திருக்கும்போது ஷாஃப்ட் மட்டும் இன்னும் 6 டிகிரி ஏறுகிறது. கிராஸில் கோணம் 8. முன்னும் 8, பின்னும் 8. சமம்தான்.

அந்த உயரத்தில் ஓட்டினால் கிராஸ் மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்காது என்றார் நண்பர். பார்க்கிங்கில் நகர்த்தலாம், அவ்வளவே.

ஒரே தண்டு நீளமாக முன்னோக்கிப் போகும் அமைப்பும் உண்டு. அதில் ஆக்சில் ஏறினால் பினியனும் கூடவே திரும்பும். ஒரே ஓர் உயரத்தில்தான் எண் சரியாக இருக்கும். காற்றுப்பை வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிரிங் பட்டை வண்டி என்றால் இன்னொன்று. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பட்டை முறுக்கி, பினியன் மூக்கைத் தூக்கும். ஆகவே நிற்கும்போது ஒரு டிகிரி, இரண்டு டிகிரி குனியவைப்பார்கள். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு, 2 டிகிரி, 4 டிகிரி என்று கடையிலேயே கிடைக்கும். தண்டு வண்டியில் அந்த முறுக்கு மிகக் குறைவு.

*

பினியனைத் திருப்புவது மேல்தண்டின் முனையிலுள்ள மறையால். ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பிராக்கெட் ஆறு அங்குல உயரம். ஆக ஒரு சுற்றுக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல்.

இரண்டு தண்டையும் ஒரே அளவு திருப்பவேண்டும். அரைச்சுற்று இங்கே, அரைச்சுற்று அங்கே. பிறகு வண்டியை உருட்டிவிட்டு, ரப்பர் புஷ் தளர்ந்து தன் இடத்துக்கு வந்தபின் அளக்கவேண்டும்.

பிராக்கெட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். அளந்து, ஒப்பிட்டு, பிறகு முழு வெல்டிங். அதுவும் ஒரே மூச்சில் இல்லை. இரண்டு அங்குலம் இங்கே, ஆறவிட்டு இரண்டு அங்குலம் எதிர்ப்பக்கம். அவசரப்பட்டால் சூட்டில் ஆக்சில் குழாயே வளைந்துவிடும். வெளியே தெரியாது. டயர் ஒரு பக்கம் தேயும்போது தெரியும்.

நண்பர் வெல்டிங் நடுவே தேநீர் குடிக்கிறார். அந்த நேரத்தில் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்தான் அடுத்தது.

நான் பார்த்ததில் இதுதான் வேலையின் நுட்பமான பகுதி. ஆனால் எந்தப் படத்திலும் இது வராது.

*

சறுக்கு யோக் கியர் பாக்ஸுக்குள் முழுக்க அடைந்துவிடக்கூடாது. ஓடும் உயரத்தில் உள்ளே இன்னும் ஓர் அங்குலம் போக இடம் வேண்டும். படுக்கும்போதும் ஏறும்போதும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். இடிக்கிறதென்றால் கியர் பாக்ஸின் உள்பேரிங் போச்சு.

பளபளவென்று தேய்ந்த வளையம் யோக்கில் தெரியும். அதன் அகலம்தான் ஷாஃப்ட் எவ்வளவு பயணம் செய்தது என்பதற்குச் சாட்சி.

*

ஹிரோஹாட்டா மெர்க். பாரிஸ் சகோதரர்கள் கட்டிய 1951 மெர்குரி. இந்த வகைக் கார்களில் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர். 2022 ஜனவரியில் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குமேல் போனது.

எனக்குப் பிடித்தது ஏலத் தொகை இல்லை. அதன் சொந்தக்காரர் கலிஃபோர்னியாவிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை அதை ஓட்டிக்கொண்டே போனார். டிரக்கில் ஏற்றவில்லை. பயணக் கட்டுரை 1953இல் ராட் அண்ட் கஸ்டம் பத்திரிகையில் வந்தது.

அத்தனை தாழ்வான காரில் அத்தனை தூரம்.

1964 இம்பாலா ஜிப்சி ரோஸ் 2017இல் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்தது. வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் நியூ மெக்சிகோவின் டேவ்ஸ் ட்ரீம், 1969 ஃபோர்டு எல்டிடி. பெயிண்ட், மெத்தை, குரோம். அத்தனையும் பார்க்கத் தகுந்தவை. அடியில் போய்ப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

*

சோதனை ஓட்டம். நெடுஞ்சாலை 101.

60 மைலில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கியது. அதிர்வு இப்போதும் தொடர்ந்தால் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம்.

ஒன்றும் இல்லை.

மறுபடி கியர். மிதித்தார், விட்டார், மிதித்தார். மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பினியன் திரும்புகிறது. விடும்போது மட்டும் என்றால் எதிர்ப்பக்கம் திரும்புகிறது.

உள்கண்ணாடியில் பின்வண்டியின் விளக்குகள் பிரியவில்லை.

இருவரும் பேசவில்லை. இறங்கியதும் அவர் முதலில் கையை வைத்தது ஷாஃப்டின் கப்புகளில். சூடு சமமா என்று. எல்லாம் ஒரே சூடு.

நோட்டில் எழுதியது: எஞ்சின் 1.5 இறக்கம். ஷாஃப்ட் 0.5 ஏற்றம். பினியன் 1.5 நிமிர்வு. சேசு 5 அங்குலம். முன்பை, பின்பை அழுத்தங்கள். தேதி.

அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

*

தாழ்த்திக் கட்டிய பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறீர்களா? பெயிண்ட்டைப் பிறகு பாருங்கள். கியர் பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றின் கோணத்தையும் எழுதிக் கேளுங்கள். எந்த உயரத்தில் அளந்தது என்றும் கேளுங்கள். உயரத்தைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.